இரண்டு மாநிலங்களுக்கு ஒரே தலைநகர்

சண்டிகர் ரயில் நிலையத்தில் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநரிடம், "இந்த ஊர் பஞ்சாபா, ஹரியாணாவா?" என்று கேட்டேன். "சண்டிகர்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் சுற்றிய பிறகு, அதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது என்று தோன்றியது.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதும் இந்தியப் பஞ்சாப் தலைநகர் இல்லாமல் நின்றது. கொஞ்ச காலம் சிம்லாவை வைத்துச் சமாளித்தார்கள். புது நகரத்துக்கு முதலில் திட்டம் போட்டவர்களில் ஒருவரான நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் இறந்துவிட, வேலை கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் கைக்கு வந்தது. அப்படி எழுந்த ஊர் பத்துப் பதினைந்து வருடம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 1966 நவம்பர் 1-இல் ஹரியாணா பஞ்சாபிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. தலைநகர் யாருக்கு? இருவருக்கும்தான். ஆனால் ஊர் மட்டும் மத்திய அரசின் கீழ் யூனியன் பிரதேசமாகிவிட்டது.

செக்டர் 1-இல் இருக்கும் அரசுக் கட்டடங்களின் வளாகமான கேப்பிடல் காம்ப்ளெக்ஸைப் பார்க்க அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுகிறார்கள். உயர் நீதிமன்ற வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பெரிய தூண்கள் நிற்கின்றன. அந்த நீதிமன்றமும் இரண்டு மாநிலங்களுக்கும் பொதுதான். நான் அதிக நேரம் நின்றது சட்டமன்றக் கட்டடத்தில். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சட்டமன்றங்கள்! பெரிய அவை பஞ்சாபுடையது, மேலவைக்கென்று கட்டிய சிறிய அவை ஹரியாணாவுடையது. வெளியிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்துக் குளிர்விப்புக் கோபுரம்போல ஒன்று கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அதற்குள்தான் பஞ்சாப் அவை இருக்கிறது.

அங்கே நிற்கும்போது எனக்கு நம் சென்னை நினைவு வந்தது. ஆந்திரா பிரியும் நேரத்தில் 'மதராஸ் மனதே' (மதராஸ் நம்முடையதே) என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி. இந்தப் பக்கம் நின்றார். 1953-இல் ஆந்திரா கர்நூலைத் தலைநகராக வைத்துக்கொண்டது, நமக்கு அந்தப் பிரச்சினை முடிந்தது. இங்கே முடியவில்லை. சண்டிகரைப் பஞ்சாபிடம் ஒப்படைக்க 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் லோங்கோவாலும் ஒப்பந்தம் செய்து, 1986 ஜனவரி 26 என்று நாளும் குறித்தார்கள். அந்த நாள் வந்து போனது, ஊர் அப்படியே இருக்கிறது. பஞ்சாப் ஆளுநர்தான் இன்றும் இந்த நகரத்தின் நிர்வாகி.

அதே 1985-இல்தான் 'திறந்த கை' சின்னத்தையும் இங்கே நிறுவியிருக்கிறார்கள். 26 மீட்டர் உயரம், காற்றடித்தால் திரும்பும். கொடுக்கவும் வாங்கிக்கொள்ளவும் விரித்த கை என்பது கொர்பூசியேவின் எண்ணம். நான் போன அன்று காற்றே இல்லை, கை அசையாமல் நின்றது. அதைச் சுற்றியிருக்கும் பெரிய வெளியில் எங்கள் குழுவைத் தவிர ஆளே இல்லை. மக்கள் கூடுவதற்கென்று வரைந்த இடம் இப்படிக் காவலுக்குள் கிடப்பது மனதை வருத்தியது.

நெக் சந்தின் ராக் கார்டனுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். சாலை ஆய்வாளராக இருந்த ஒருவர் உடைந்த வளையலையும் பீங்கானையும் சேர்த்துச் சேர்த்து, அரசுக்குத் தெரியாமலே கட்டிய உலகம் அது. அவசரமாகப் பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை.

சாயங்காலம் சுக்னா ஏரிக்கரைக்குப் போனேன். கொர்பூசியேவோடு சேர்ந்து இந்த நகரத்தைக் கட்டிய பியர் ஜானரேயின் அஸ்தியை இந்த ஏரியில்தான் கரைத்தார்கள். ஊரே அங்கே நடக்க வருகிறது. பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். சிரித்துவிட்டு, "மகனுக்கு மொகாலியில் வேலை, மருமகளுக்குப் பஞ்ச்குலாவில். காலையில் ஒருத்தர் பஞ்சாபுக்குப் போவார், ஒருத்தர் ஹரியாணாவுக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் இங்கே வந்துவிடுவார்கள்" என்றார்.