மாதுளம்பூ மூக்கு

கல்யாணமாகி 4 வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம் தேறாது. சரக்குக் கப்பலில் வேலை. மதுரையில் ஒரு விசேஷத்துக்குப் போனவள், மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். வேண்டுதல் என்று ஒன்றும் இல்லை. "சீக்கிரம் வரணும்" என்று கேட்கவும் கூச்சம். ஒப்பந்தம் முடிகிற தேதியை ஆண்டாளா மாற்றப் போகிறாள்?

11 நிலை ராஜகோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அது வடபத்ரசாயி கோயிலின் கோபுரம். பக்கத்தில் ஆண்டாள் கோயில், நடுவே நந்தவனம். ஆடிப் பூரத்தன்று பெரியாழ்வார் துளசிச் செடியின் கீழே குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்த இடம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அடிக்கிற வெயிலிலும் துளசி வாசனை.

பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்து, கிணற்று நீரில் அழகு பார்த்தாளாம். அந்தக் கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். இருட்டுதான் தெரிந்தது. பின்னால் நின்ற பாட்டி, "முகம் தெரிஞ்சுதாம்மா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கும் தெரியல, ஒவ்வொரு வருஷமும் பாக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

திருப்பாவை 30 பாட்டும் மார்கழியில் எல்லார் வாயிலும் வரும். நாச்சியார் திருமொழி 143 பாசுரத்தை அத்தனை பேர் தொடுவதில்லை. கொஞ்சம் சங்கடமான ஏக்கம் அது. மேகத்தை வேங்கடத்துக்குத் தூது போகச் சொல்கிறாள், குயிலைக் கூவி அழைக்கச் சொல்கிறாள், அவன் வாய் எப்படி மணக்கும் என்று சங்கிடம் விசாரிக்கிறாள். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அதில் சங்கடம் ஒன்றும் தெரியவில்லை.

அவள் சூடிய மாலை மட்டும் இன்னும் பயணம் போகிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்கு, பிரம்மோற்சவ கருட சேவைக்குத் திருப்பதிக்கு. 500 கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பெருமாள் தோளில் ஏறும் மாலை.

சன்னிதியில் கூட்டம் அதிகமில்லை. ஆண்டாள், ரங்கமன்னார், பக்கத்தில் கருடாழ்வார். பட்டர் தீபத்தைத் தூக்கியபோது என் கண் போனது அவள் இடக்கையில் இருந்த கிளிமேல். தினமும் புதிதாகக் கட்டும் கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, வாழைநாரில் கட்டு. அந்த மூக்கின் சிவப்பு தீப வெளிச்சத்தில் ஒரு நொடி ஈரமாக மின்னியது. அம்மனைச் சரியாகச் சேவித்தேனா என்றே தெரியவில்லை. அதற்குள் "நகருங்கம்மா" என்று குரல் வந்துவிட்டது.

பிராகாரத்தில் உட்கார்ந்து துளசியை மென்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கோ துறைமுகத்தில் சிக்னல் கிடைத்திருக்கிறது. பின்னால் கிரேன் இரைச்சல்.

"எங்க இருக்கே?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ஆண்டாள் கோயில்ல."

"சொல்லவே இல்ல?"

"சொல்லத்தான் நீங்க கிடைக்கலையே."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். அப்புறம் கிளியைப் பற்றிச் சொன்னேன். சன்னிதியில் படம் எடுக்க முடியாதில்லையா, வாயால்தான் வரைய வேண்டியிருந்தது. பச்சை எப்படி, மூக்கு எந்தச் சிவப்பு, எந்தக் கையில், எந்தப் பக்கம் பார்க்கிறது. வீட்டில் இருந்தால் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

"கண்ணு எதுல செஞ்சிருக்காங்க?" என்றார்.

மூக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றேன்.