வீடு கடலூரில், உயிர் போனது புதுச்சேரியில்: இறப்புச் சான்றிதழுக்கு அலைந்ததில் தெரிந்தவை

இறப்புச் சான்றிதழை ஆதாரில் இருக்கிற விலாசத்து ஊரில் வாங்க முடியாது. உயிர் எந்த ஊரில் போனதோ அந்த ஊர்ப் பதிவாளர்தான் தர வேண்டும். முதல் நாளே இது தெரியாததால் கடலூர்ப் பக்கம் மூன்று நடை வீண். மூன்றாவது முறைதான் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எங்க இறந்தாங்க?" என்று கேட்டார். அதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். சீரியஸ் என்றாலே வண்டி புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டித்தானே போகிறது. ஜிப்மர் இருக்கும் கோரிமேடு உழவர்கரை நகராட்சி, புதுச்சேரி நகராட்சி இல்லை. கதிர்காமத்து இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் உழவர்கரைதான். டவுனுக்குள் இருக்கும் அரசு பொது மருத்துவமனை என்றால் புதுச்சேரி நகராட்சி. கடலூர் ரோட்டில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளுக்குப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து. ஆட்டோக்காரரிடம் "பாண்டி முனிசிபாலிட்டி" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தெரிந்த ஒன்றில் இறக்கிவிடுவார். வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் "அறிக்கை எந்த ஆபீசுக்குப் போகும், என்றைக்கு அனுப்புவீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கை அனுப்புவது ஆஸ்பத்திரியின் வேலை. சான்றிதழை வாங்குவது நம் வேலை. யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரப்போவதில்லை.

பெரிய குழி வேறொன்று இருக்கிறது. டாக்டர் கையை விரித்ததும், மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூச்சுக்காகக் கையால் அழுத்தும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே கிளம்புவதும் வழக்கம்தான். அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வழியில் தவளக்குப்பத்தில் மூச்சு நின்றால் அது ஆஸ்பத்திரிச் சாவு இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் ஆலோசனைக்கு எதிராகப் போனார் என்றுதான் இருக்கும், இறப்பு அறிக்கை அங்கிருந்து போகாது. ஓடும் வண்டியில் இறந்தால் வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும் என்பது விதி, அந்தப் பொறுப்பு வண்டிக்குப் பொறுப்பானவருடையது. வண்டி நேராக வீட்டு வாசலில்தான் நின்றது என்றால் உங்கள் ஊர்தான் கணக்கு. மாநகராட்சி எல்லை என்றால் மாநகராட்சி, கிராமம் என்றால் வி.ஏ.ஓ.

அங்கே மரணக் காரணத்துக்கு 4ஏ படிவம் கேட்பார்கள். கடைசி நோயில் பார்த்த டாக்டர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். தெருமுனை கிளினிக் டாக்டர், "நான் பார்க்காத பேஷண்டுக்கு எப்படிப் போடுவேன்?" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஆகவே கிளம்புவதற்கு முன்பே வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். சம்மரி, ஸ்கேன் எல்லாம் ஆம்புலன்சிலேயே கையில் இருக்கட்டும், பின்னால் வருகிற காரில் வேண்டாம். வழியில் வேறொரு ஆஸ்பத்திரியில் காட்ட நேர்ந்தால் இந்தக் காகிதங்கள்தான் கைகொடுக்கும். இல்லாவிட்டால் "கொண்டுவரும்போதே இறந்திருந்தார்" என்று எழுதிப் போலீசுக்குத் தகவல் போகும், பிரேதப் பரிசோதனையும் வரலாம்.

விபத்து, விஷம், தீக்காயம், தற்கொலை, கீழே விழுந்து அடி என்றால் போலீசும் போஸ்ட்மார்ட்டமும் உறுதி, தவிர்க்கப் பார்க்காதீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் சந்தேகமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலையும் பரிசோதனை அறிக்கையையும் மறக்காமல் வாங்குங்கள். விபத்துக் காப்பீட்டுக்கு அவை இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இனி எழுத்துப்பிழை விஷயம். அதிக நாள் தின்றது இதுதான். இரவு பன்னிரண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில் சீட்டுப் போடும்போது கூட வந்த பங்காளி என்ன பேர் சொன்னாரோ அதுதான் கேஸ் ஷீட்டில் ஏறும், அதுவே சான்றிதழிலும் வரும். கலியமூர்த்தி என்கிற பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நடுவில் ஒய் போட்டா, போடாமலா? மூர்த்தியில் ரெண்டு ஓவா, ஒரு யூவா? கடைசியில் ஒய்யா, ஐயா? ஆதாரில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் ஒரு மாதிரி, எல்.ஐ.சி. பாலிசியில் ஒரு மாதிரி. இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். உயிரோடு இருந்தவரை யாரும் இதைக் கேட்கவில்லை. செத்த பிறகு எல்லாரும் கேட்கிறார்கள்.

அட்மிஷன் போட்டவுடன், நோயாளி தேறிவிடுவார் என்ற நம்பிக்கை இருக்கும்போதே, ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்துப் பெயரை அதன்படி மாற்றச் சொல்லுங்கள். இறந்த பிறகு, 2-ஆம் எண் இறப்பு அறிக்கை ஆஸ்பத்திரியை விட்டுப் போவதற்குள் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். பெயர், இனிஷியல், அப்பா அல்லது கணவர் பெயர், அம்மா பெயர், நிரந்தர விலாசம், தேதி, இத்தனையையும் விரல் வைத்துப் படியுங்கள். அங்கே திருத்துவது அஞ்சு நிமிஷ வேலை. பதிவான பிறகு என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து திருத்தக் கடிதம், அத்தாட்சி நகல்கள், பதிவாளர் ஒப்புதல் என்று வாரக்கணக்கில் இழுக்கும். இறந்தவரின் அம்மா பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதும் நடக்கிறது, முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொரு காகிதத்தையும் அப்போதே கேளுங்கள். மரணத்துக்கான காரணத்தை டாக்டர் எழுதும் 4-ஆம் படிவம். இறப்புச் சான்றிதழில் காரணம் வராது, சட்டமே அப்படி. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பதோ காரணத்தை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-ல் கொண்டுவந்த திருத்தப்படி, நெருங்கிய உறவினருக்கு அதன் நகலை ஆஸ்பத்திரி தர வேண்டும். "அதெல்லாம் தர மாட்டோம்" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள், குரல் உயர்த்த வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தவுடன் கிடைத்தது.

வீட்டுச் சாவு என்றால் நாள் கணக்கு முக்கியம். 21 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் "கருமாதி முடியட்டும்" என்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் மிச்சம் அஞ்சு நாள், அதில் ஒரு சனி ஞாயிறும் போய்விடலாம். 21 தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்குமேல் ஒரு வருஷம் வரை மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு. பால் தெளித்த மறுநாளே ஒருவரை அனுப்பிவிடுங்கள். மயான ரசீதையும் பத்திரமாக வையுங்கள், அதிலும் பெயர் ஆதார்படி இருக்கட்டும்.

வண்டி விஷயம் ஒரு வரி: 108 பிரேதத்தை ஏற்றாது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் 155377-க்கு அடியுங்கள், இலவச அமரர் ஊர்தி வரும். கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர் ரோட்டிலேயே இருக்கிறது. அவர்கள் வரும்வரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபேனை நிறுத்துங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி எடுத்துவிட வேண்டும், தகனத்தில் வெடிக்கும்.

வாரிசுச் சான்றிதழுக்கு மட்டும்தான் ஊர் திரும்பக் கடலூருக்கு வரும். இறந்தவர் குடியிருந்த இடத்துத் தாசில்தார். இ-சேவையில் 60 ரூபாய் கட்டணம், பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஃபைல் நகரும். "இது பாண்டிச் சர்டிபிகேட், செல்லாது" என்று ஒரு மேசையில் சொன்னார்கள். செல்லும். மத்தியச் சட்டப்படி கொடுத்த சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். கியூஆர் குறியீட்டை அவர் கண் முன்னால் போனில் ஸ்கேன் செய்து காட்டியதும் ஃபைல் நகர்ந்தது.

மனு திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. கட்டிக்கொடுத்த பெண் பெயரை விட்டுவிடுவது ஒன்று. இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தும் அவரைச் சேர்க்காதது இன்னொன்று. இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், அம்மா நாலு பேரும் முதல் வகுப்பு வாரிசுகள். முன்பே இறந்துபோன வாரிசு இருந்தால் அவருடைய இறப்புச் சான்றிதழும் வேண்டும். இருபது வருஷத்துக்கு முன் பதிவு செய்யாமல் விட்ட பாட்டியின் சாவு இப்போது வந்து நிற்கும்.

பேங்கில் நாமினி இருந்தால் வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. இறப்புச் சான்றிதழும் நாமினியின் ஆதாரும் போதும். ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள், பின்னால் மற்ற வாரிசுகளிடம் பதில் சொல்ல முடியாது. பாஸ்புக்கை என்ட்ரி போட்டு மே, ஜூன் மாத வரிகளைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தச் சாவுக்கும் இரண்டு லட்சம். 20 ரூபாய் என்றால் விபத்துக்கான இரண்டு லட்சம். இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் விட்ட குடும்பங்கள் நிறைய. பேங்க்காரர்களாகச் சொல்ல மாட்டார்கள், 30 நாளுக்குள் கேட்டுவிடுவது நல்லது. பென்ஷன் வாங்கியவர் என்றால் உடனே தெரிவியுங்கள், அடுத்த மாதம் ஏறும் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அவர் சிம்மை ஆறு மாதமாவது ரீசார்ஜ் போட்டு வையுங்கள். எந்தப் பாலிசிக்குப் பிரீமியம், எந்தக் கடனுக்குத் தவணை என்பதெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும்.

ரேஷன் கார்டில் பெயர் நீக்க அவசரப்படாதீர்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அவர் பெயர் உள்ள கார்டைத்தான் கேட்பார்கள். முதலில் அதை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.