ஒரே பந்தில் நின்றுவிட்டேன்

போன ஞாயிறு கோல்ஃப்பில் 87 அடித்தேன். பதினெட்டு குழியையும் 90 அடிக்குக் கீழே முடித்தது இதுதான் முதல் தடவை. ஹேண்டிகேப் 19 (நிர்ணயித்த அடிகளைவிட ஏறத்தாழ அத்தனை கூடுதல்) வைத்துக்கொண்டு நாலு வருடமாக ஆடுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

தூரம் அடிக்கிற டிரைவர் மட்டை ஒன்றும் திருந்தவில்லை. வழக்கம்போல வலப்பக்கம் வளைந்தது, இரண்டு பந்து முள்ளுக்குள் போனது. 2019-லிருந்து தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், கோவைப் பக்கத்துச் சீமைக்கருவேலப் புதருக்குள் அது எதற்கும் போதாது. கணக்கு மாறியது கிரீனை, அதாவது குழி இருக்கிற ஒட்ட வெட்டிய புல்தரையை, சுற்றித்தான். பன்னிரண்டு கிரீன் தவறியது. அதில் ஐந்து குழியை ஒரு சிப் (கிரீனுக்குத் தூக்கிப் போடுகிற சின்ன அடி), ஒரு பட் (குழிக்குள் உருட்டுகிற அடி) என்று முடித்துவிட்டேன். பதினாலாவது குழியில் மணல் பங்கருக்கு மேலே தூக்கிப் போட்ட பந்து இரண்டு துள்ளு துள்ளி நின்றதைப் பார்த்து எங்களுக்குப் பை தூக்குகிற கேடி அண்ணன், "சார், பந்து இப்பத்தான் உக்காருதுங்க" என்றார். எந்தப் பந்து எனக்குச் சரி என்று நாலு மாதமாக நான் செய்துகொண்டிருந்த சோதனைக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

சோதனை தொடங்கியது ஒரு எரிச்சலில். பையைக் கொட்டிப் பார்த்தபோது 31 பந்து இருந்தது, பதினொரு வகை. கண்டெடுத்தது, பரிசாக வந்தது, தள்ளுபடியில் வாங்கியது, குளத்திலிருந்து எடுத்து விற்றது எல்லாம் கலந்து கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும் கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிட்டு, சிப் ஏன் ஒரு நாள் நிற்கிறது, ஒரு நாள் ஓடுகிறது என்று கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழு வகை தேர்ந்தெடுத்தேன். யூரித்தேன் (மென்மையான பிளாஸ்டிக்) உறை போட்டதில் டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1, ஸ்ரிக்சன் க்யூ-ஸ்டார் டூர், டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ், டெகாத்லானின் இனெசிஸ் டூர் 900. அயனோமர் (வழவழப்பான பிளாஸ்டிக்) உறை போட்ட இரண்டடுக்கில் டைட்டிலிஸ்ட் டூர் சாஃப்ட், காலவே சூப்பர்சாஃப்ட், வில்சன் டியூவோ சாஃப்ட்.

டிரைவர் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் விஷயம் குறைவு. ரேடார் வைத்த பயிற்சி ரேஞ்சில் வகைக்குப் பத்துப் பந்து. என் மட்டை வேகம் மணிக்கு 88 முதல் 90 மைல். சராசரியில் அதிகம் போன வகைக்கும் குறைவாகப் போன வகைக்கும் ஆறு யார்டு வித்தியாசம். நான் நன்றாக அடித்ததற்கும் மோசமாக அடித்ததற்கும் நாற்பது யார்டு! 'மெதுவாகச் சுழற்றுகிறவனுக்கு மென்மையான பந்து, அப்போதுதான் நசுங்கித் தூரம் போகும்' என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். பந்தின் கெட்டித்தன்மையைச் சொல்கிற கம்ப்ரஷன் எண் 40-க்குப் பக்கத்தில் இருக்கிற பந்தும் சரி, 90-க்குப் பக்கத்தில் இருக்கிற பந்தும் சரி, என் வேகத்தில் டிரைவருக்கு நசுங்கத்தான் செய்கிறது. சொல்லப்போனால் மிக மென்மையான பந்து கிளம்பும் வேகம் ஒரு பொட்டுக் குறைவு. மென்மை என்பது கைக்கும் காதுக்கும் கிடைக்கிற சுகம். அது பிடித்திருந்தால் வாங்குங்கள், தூரத்துக்காக வாங்காதீர்கள்.

இனி சிப். இதில்தான் மூன்று மாதம் போனது.

56 டிகிரி சாய்ந்த முகமுள்ள வெட்ஜ் மட்டை, பயிற்சி கிரீனின் ஓரத்திலிருந்து 30 யார்டு. விழுந்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை எத்தனை தப்படி என்று அளப்பது. கேட்பதற்கு எளிது. முதல் தடவை காலை ஆறரைக்குப் போனேன். ஏழு வகையும் ஒன்றுபோல எட்டு, ஒன்பது தப்படி ஓடியது. உறைக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவுகட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பனி! புல் முழுக்க ஈரம், வெட்ஜ் முகத்தில் தண்ணீர்ப் படலம். முகத்தில் வெட்டிய வரிப்பள்ளம் எதையும் பிடிக்காமல் பந்து வழுக்கிக்கொண்டு மேலே கிளம்பியிருக்கிறது. அந்த ஈரத்தில் விலையுயர்ந்த பந்தும் மலிவான பந்தும் எனக்கு ஒன்றுபோலத்தான் ஓடியது. காலையில் ஆடுகிறவர்கள் சிப் அடிப்பதற்கு முன் முகத்தைத் துண்டால் துடைக்கிற ஒரு பழக்கத்தை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். பந்து மாற்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது தடவை சாயங்காலம், காய்ந்த புல். ஆனால் வகைக்குப் பத்து என்று வரிசையாக அடித்தேன். முதலில் அடித்த வகைக்குக் கை சூடாகவில்லை, கடைசி வகைக்கு வரும்போது கை பழகிவிட்டது. கடைசியில் வைத்த பந்துதான் ஜெயித்தது. அதை நம்பி ஒரு டஜன் வாங்க இருந்தேன், நல்லவேளை வாங்கவில்லை. இன்னொன்றும் அன்று கவனித்தேன். பெர்முடா புல் சாய்ந்திருக்கிற திசையில் அடித்தால் எல்லாம் கூடுதலாக ஓடுகிறது, எதிரே அடித்தால் எல்லாம் நிற்கிறது. நடுவில் நான் இடம் மாற்றியதால் பாதிக் கணக்கு வீண்.

மூன்றாவது தடவை முறையாகச் செய்தேன். மார்க்கரால் பெயர் எல்லாவற்றையும் கறுப்படித்துவிட்டு, கேடி அண்ணனிடம் கொடுத்து, அவர் இஷ்டப்படி ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். எது எந்த வகை என்று அவர் நோட்டில் மட்டும் குறி. ஒரே இடம், ஒரே கொடி, ஒவ்வொரு அடிக்கும் பிரஷ்ஷும் துண்டும். மொத்தம் எழுபது தடவை அடித்தேன். மூன்று மணி வெயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, அவர் முகம் சுளிக்கவே இல்லை.

யூரித்தேன் நாலும் மூன்றரை முதல் நாலரைத் தப்படி. இரண்டடுக்கு மூன்றும் ஏழு முதல் எட்டுத் தப்படி. நடுவில் எதுவும் இல்லை, நடுவே ஒரு வாய்க்கால் வெட்டியதுபோல இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தது. மூன்று தப்படி என்பது எனக்கு ஏழெட்டு அடிப் பட். ஒரே பட்டில் முடிவதும் இரண்டாவது பட்டுக்கு நிற்பதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

காரணம் உறையில் இருக்கிறது. யூரித்தேன் மெல்லிய, மென்மையான தோல். வெட்ஜ் முகத்துக்கும் உள்ளே இருக்கிற கெட்டியான அடுக்குக்கும் நடுவில் அது நெரிபடும்போது வரிப்பள்ளத்தின் விளிம்பு அதைப் பற்றிக்கொள்கிறது. சுழற்சி கூடுகிறது, பந்து தாழ்வாகக் கிளம்புகிறது. சர்லின் மாதிரியான அயனோமர் உறை வழவழப்பானது, பற்றாமல் முகத்தில் ஏறி உயரமாகப் போகிறது. உயரமாகப் போனால் நிற்கும் என்று நினைப்போம், சுழற்சி இல்லாததால் ஓடுகிறது. சில சிப் மட்டும் ஏன் பலூன் மாதிரி எழும்புகிறது என்று இரண்டு வருடம் மணிக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன், அது பந்து. முழுச் சுழற்றில் 9 ஐயன் மட்டையால் அடிக்கும்போது இந்த வித்தியாசம் ஓரிரு தப்படிதான். டிரைவரில் அதுவும் இல்லை. அதனால் என்னைப்போல நடுத்தரமாக ஆடுகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு தூரம் போகும்' என்பது இல்லை. '30 யார்டில் எத்தனை தப்படி ஓடும்' என்பதுதான்.

அப்புறம் பணம். ஒரு ஆட்டத்துக்கு எனக்கு இரண்டு பந்து தொலைகிறது, மாதம் நாலு ஆட்டம். எட்டு பந்து. ப்ரோ வி1 அருமையான பந்து, 2000-த்தில் வந்ததிலிருந்து மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். ஆனால் மாதம் எட்டு அதைத் தொலைக்க என்னால் முடியாது. அதைவிட முக்கியம், விலையுயர்ந்த பந்து என்றால் தண்ணீருக்கு மேலே அடிக்கப் பயந்துகொண்டு சுழற்றுவேன். என் எழுபது அடிக் கணக்கில் க்யூ-ஸ்டார் டூருக்கும் அதற்கும் அரைத் தப்படி வித்தியாசம் இருந்தது, அதை நான் உணரப்போவதில்லை. க்யூ-ஸ்டார் டூரில் நின்றுவிட்டேன். சிங்கப்பூரில் இருக்கிற மச்சான் ஊருக்கு வரும்போது இரண்டு டஜன் கொண்டுவருகிறார். அது தீர்ந்தால் இனெசிஸ் டூர் 900. காரை எடுத்துக்கொண்டு போனால் கடையில் கிடைக்கிறது என்பதே பெரிய வசதி.

ஆட்டத்துக்கு ஐந்து ஆறு தொலைக்கிறவர்கள் யூரித்தேன் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். இரண்டடுக்கில் ஒன்றைப் பிடித்து அதையே ஆடுங்கள். ஏழு தப்படி ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஏழு தப்படி முன்னால் போட்டுவிடலாம். அந்த ஞாயிறு ஒரு சிப், ஒரு பட்டில் முடிந்த ஐந்தில் பாதிப் பெருமை உறைக்கு என்றால், மீதி ஒரே பந்தை மாற்றாமல் ஆடியதற்கு.

பழைய பந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேடிகள் புதரில் பொறுக்கி, துடைத்து விற்பதைத் தாராளமாக வாங்கலாம், கீறல் கண்ணுக்குத் தெரியும். நான் ஏமாந்தது இணையத்தில் 'புதுப்பித்தது' என்று விற்ற ஒரு பெட்டியில். பளபளவென்று இருந்தது. இரண்டாவது அடியிலேயே பெயின்ட் உரிந்தது. பூசிய பெயின்ட் பந்தின்மேல் இருக்கிற சின்னக் குழிகளை ஆழம் குறைத்திருந்தது, டிரைவரில் அந்தப் பந்துகள் சட்டென்று விழுந்தன. குழியில்லாத வழவழப்பான பந்து நல்ல பந்தின் பாதித் தூரம்தான் போகும். 1848 வாக்கில் மலாயாக் காட்டு மரப்பாலில் கட்டா பெர்ச்சா பந்து செய்தபோது, புதுப் பந்தைவிட அடிபட்டுத் தழும்பேறிய பந்து நன்றாகப் பறந்ததைப் பார்த்துத்தான் பந்தின்மேல் வேண்டுமென்றே தழும்பு போடத் தொடங்கினார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்த குழியை ஒரு கோட்டுப் பெயின்ட்டில் மூடிவிடுகிறார்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது உப்புத்தண்ணீர். பந்தின் எடை மையம் நடுவில் இருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்ப்பது. இரண்டு லிட்டர் தண்ணீரில் 300 கிராம் தூத்துக்குடிக் கல்லுப்பு போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "முட்டை மிதந்தாப் போதும்டா, எலுமிச்சங்காய்க்கே அவ்வளவுதான் உப்பு" என்று ஒரு முட்டையையும் போட்டுக் காட்டினார். முட்டை மிதந்தது, பந்து மூழ்கியது. பந்துக்கு அதிகபட்ச எடை 45.93 கிராம், குறைந்தபட்ச விட்டம் 42.67 மில்லிமீட்டர் என்று விதி. கணக்குப் போட்டால் தண்ணீரைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல் கனம். 500 கிராம் உப்புக்குத்தான் மேலே வந்தது. ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழி போக ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட வேண்டும். விரலால் சுழற்றிவிட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரே புள்ளி மேலே வந்து நின்றால் ஒரு பக்கம் கனம் என்று அர்த்தம். அந்தப் புள்ளியில் மார்க்கர் வைத்து, அதன் வழியாகப் பந்தைச் சுற்றிக் கோடு போட்டு, பட் அடிக்கும்போது அந்தக் கோட்டின்மேல் உருட்டினால் கனம் பக்கவாட்டில் இழுக்காது.

முதல் டஜனில் ஒன்பது எப்படிச் சுழற்றினாலும் வேறு வேறு புள்ளியில் நின்றது. இரண்டு மெதுவாகத் திரும்பியது, ஒன்று அடம்பிடித்து அதே இடத்துக்கு வந்தது. அந்த மூன்றையும் கோடு போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். ஊட்டி போகிற திட்டமும் இருக்கிறது. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, தூரம் ஏழெட்டு சதவீதம் கூடும் என்கிறார்கள், அங்கே சிப் எத்தனை தப்படி ஓடுகிறது என்று இதே நோட்டில் எழுத வேண்டும். அதற்கு முன் கோடு போட்ட மூன்றையும் பத்தடிப் பட்டில் உருட்டிப் பார்க்கணும். இந்த வாரம் மழை. கிரீன் காய்ந்ததும் கேடி அண்ணன் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.