'க்ரூக்' ஆன கதை

மெல்பர்னுக்குத் தென்கிழக்கே டாண்டெனாங்கில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரைக் காணோம். கேட்டதற்கு, "அவன் க்ரூக்" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார். நான் படித்த ஆங்கிலத்தில் க்ரூக் என்றால் மோசடிக்காரன். எதைத் தூக்கிக்கொண்டு போனாரோ, பிள்ளைகுட்டிக்காரர் வேறு என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மறுநாள் மனிதர் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நிற்கிறார். இங்கே க்ரூக் என்றால் உடம்புக்கு முடியவில்லையாம்!

பிற்பகல் 'ஆர்வோ', பெட்ரோல் பங்க் 'செர்வோ', காலை இடைவேளை 'ஸ்மோக்கோ'. சொல்லை நறுக்கி ஓகாரம் ஒட்டிவிடுவார்கள். புகைக்கப் போகும் நேரம் என்பதால் வந்த பெயர் ஸ்மோக்கோ. எங்கள் கிடங்கில் அப்போது டீயும் வாழைப்பழமும்தான்.

'யாக்கா' எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. உழைப்பு என்று பொருள். பிரிஸ்பேன் பகுதிப் பூர்வகுடிகளின் யகாரா மொழிச் சொல். 'ஹார்ட் யாக்கா' என்ற பெயரில் வேலை உடுப்பே விற்கிறார்கள். நம் யாக்கைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் 40 டிகிரி வெயிலில் கன்டெய்னர் இறக்கிய அன்று, இந்த யாக்கை இந்த யாக்காவைத் தாங்காது என்று தோன்றியது.

பேச்சின் தொனி பிடிபடத்தான் மாதக்கணக்காயிற்று. 'யா, நா' என்றால் ஆமாவா, இல்லையா? பெரும்பாலும் கடைசியில் வருவதுதான் பதில். ஒருமுறை அலமாரிகளை மூன்று நாள் மெனக்கெட்டு ஒழுங்கு செய்தேன். சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்து, "நாட் பேட்" என்றார். முகம் தொங்கிப்போனது. "அந்த ஆள் வாயிலிருந்து இதற்கு மேல் வராது, கொண்டாடு" என்றார் பக்கத்திலிருந்தவர். நான் 95 மார்க் வாங்கி வந்தபோது அப்பாவும் "பரவாயில்லை" என்றுதான் சொன்னார். டீயைக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டால் இவர்கள் சொல்லும் 'நோ வொரிஸ்' கூட அதே பரவாயில்லைதான்.

போன குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல். விடிகாலையில் போன் போட்டு, "நான் இன்றைக்கு க்ரூக்" என்றேன். சொல்லும்போது நாக்கு ஒரு நொடி தயங்கியது. "நோ வொரிஸ், மேட்" என்று வைத்துவிட்டார்.