கானின் விளிம்பில் நிற்கும் பிள்ளைகள்

இன்று காலை தலவாக்கலைக்கு அண்மையில், பனிமூட்டத்துக்குள் ஒரே குடையின் கீழ் பாடசாலைக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு சிறுமிகள், எதிரே வந்த லொறிக்கு வழிவிடுவதற்காக, வீதியோர வடிகாலான கானின் விளிம்பில் ஒட்டி நின்றதைப் பார்த்தேன். மூத்தவள் இளையவளின் புத்தகப்பையை இறுகப் பிடித்திருந்தாள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 வீதியின் பல வளைவுகளில், நடப்பவருக்கென்று ஓரடி இடம்கூட இல்லை.

2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேல் உயிரிழந்தபோது, பாதுகாப்பு வேலிகளைப் பற்றி எல்லோரும் பேசினோம். நடந்து செல்பவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலும், உள்ளூர்ச் சிறு வீதிகள் பிரதேச சபைகளின் பொறுப்பிலும் உள்ளன. தோட்ட வீதிகளோ கம்பனிகளின் விடயம் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தன. 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்கும் நிதி செலவிட முடியும் (எத்தனை காலக் கோரிக்கை அது!). ஆகவே அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், காபட் இடுவதற்கு முன்னதாகவே, பாடசாலைகளை அண்டிய நடைபாதைக்கும் கான் மூடிகளுக்கும் தனியாக நிதி ஒதுக்குமாறு எமது சபை உறுப்பினர்களிடம் எழுத்து மூலம் கேட்கவிருக்கிறேன். கையொப்பமிட விரும்பும் பெற்றோர் உட்பெட்டியில் தெரிவியுங்கள்.