பட்காமில் விழுந்த ஹெலிகாப்டர்

2019 பிப்ரவரி 27, புதன்

காலையிலிருந்து தொலைக்காட்சியை விட்டு எழவில்லை. நௌஷேரா பக்கம் வான்சண்டை. நம் மிக்-21 விழுந்து, விமானி அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்டுவிட்டார். ரத்தம் வழியும் முகத்தோடு அந்தப் பிள்ளையைக் காட்டியபோது என் மனைவி அழுதுவிட்டாள்.

திரையின் அடியில் ஓடிய ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. காஷ்மீரில் பட்காம் அருகே எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து, விமானப் படையினர் ஆறு பேரும் ஊர்க்காரர் ஒருவரும் இறந்துவிட்டார்கள். தொழில்நுட்பக் கோளாறாம்.

மார்ச் 1, வெள்ளி

இரவு ஒன்பதுக்கு மேல் அபிநந்தன் வாகா வழியாக வந்து சேர்ந்தார். தெருவெல்லாம் வெடிச் சத்தம். நானும் கண்கலங்கி நின்றேன். அந்த ஏழு வீடுகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

மே 22, புதன்

வயிறு கலங்குகிறது. ஸ்ரீநகரிலிருந்து ஏவிய நம் ஸ்பைடர் ஏவுகணையே அந்த ஹெலிகாப்டரை அடித்தது என்று செய்திகள் வருகின்றன. அதிலிருந்த ஐ.எஃப்.எஃப். கருவி, அதாவது நம்மவர் என்று அடையாளம் காட்டும் கருவி, அணைக்கப்பட்டிருந்ததாம்.

விமானப் படையின் தரைப்பணியில் இந்தக் கருவியோடு பல வருடம் புழங்கியவன் நான். தரையிலிருந்து சங்கேதமாக ஒரு கேள்வி போகும். வானில் இருப்பவர் சரியான பதில் தந்தால் நம்மவர். பதில் வராவிட்டால், யாரென்று தெரியவில்லை, அவ்வளவுதான். பகைவன் என்று அந்தக் கருவி ஒருநாளும் சொல்லாது! அணைந்திருக்கலாம், பழுதாகியிருக்கலாம், சங்கேத எண் மாறியிருக்கலாம். 1994 ஏப்ரலில் வட இராக்கில் அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டு வேறு பகுதிக்கான எண்ணோடு பறந்தன. அவர்களுடைய எஃப்-15 விமானங்களே அவற்றை வீழ்த்தின. 26 பேர் போனார்கள். அங்கே விமானிகள் நேரில் பார்த்தும் ரஷ்ய ஹெலிகாப்டர் என்றே நினைத்தார்கள். பதற்றத்தில் இருப்பவன் கண்ணுக்கு, எதிர்பார்த்ததுதான் தெரியும்.

அதனால்தான் சுடும் முன் இன்னொரு வாயைக் கேட்க வேண்டும் என்கிறேன். தளத்தை நோக்கி மெதுவாக வருவது எது என்று கட்டுப்பாட்டு அறையிடம் ஒரு வார்த்தை.

அக்டோபர் 4, வெள்ளி

விமானப் படையின் புதிய தளபதி பதௌரியா இன்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அடித்தது நம் ஏவுகணைதான், பெரிய தவறு நடந்துவிட்டது, இரு அதிகாரிகள் மீது நடவடிக்கை. நாட்டின் முன் அப்படிச் சொன்னதை மனதார மதிக்கிறேன். ஆனால் ஏழு மாதம்! எதனால் போனான் என்று தெரியாமல் ஒரு தாய் எத்தனை இரவு விழித்திருப்பாள்?

பிப்ரவரிப் பக்கத்தைத் திருப்பினேன். ‘தொழில்நுட்பக் கோளாறாம்’ என்பதை அடித்துவிட்டு, ‘நாம்’ என்று எழுதினேன்.