டெலீட் பட்டனும் பட்டறைக் குப்பையும்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயம், ஆபீசில் பாதிப் பேர் லீவு. ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி, அப்போது மொத்தமே ஒன்பது பேர். யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை ஜிரா என்ற மென்பொருளில்தான் குறித்து வைப்போம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத பையன் ஒருவன், பழைய டெஸ்ட் டிக்கெட்டுகளைச் சுத்தம் செய்கிறேன் என்று ஜிராவில் ஒரு ஃபில்டர் போட்டு, வந்ததையெல்லாம் டிக் அடித்து, மொத்தமாக டெலீட் கொடுத்துவிட்டான். ஃபில்டரில் ஒரு நிபந்தனை விட்டுப்போயிருந்தது. டெஸ்ட் டிக்கெட்டுகளோடு, அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுக்கு, அதாவது நாள் கணக்கு வைத்துச் செய்யும் இரண்டு சுற்று வேலைக்கு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுதி வைத்திருந்த ஸ்டோரி என்கிற வேலை டிக்கெட்டுகள் நாற்பத்துச் சொச்சமும் போய்ச் சேர்ந்தது. நடுவில் உறுதிப்படுத்தச் சொல்லும் திரையும் வந்திருக்கிறது, அதை யார் படிக்கிறோம்.

உடனே எழுந்து வந்து சொல்லிவிட்டான் என்பது ஒன்றுதான் நல்ல விஷயம். அதற்காகவே அவனுக்குக் கீழே கடையில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன், அடுத்த வாரம், கோபம் ஆறிய பிறகு.

ஜிராவில் ஒரு ப்ராஜெக்டையே அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போய் 60 நாள் கிடக்கும், மீட்டுக்கொள்ளலாம். ஒற்றை டிக்கெட்டுக்கு, நாங்கள் அப்போது இருந்த திட்டத்தில், அந்த வசதி கிடையாது. போனது போனதுதான். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது நாங்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே இருந்த நோட்டிஃபிகேஷன் மெயில்கள். யார் யார் இன்பாக்ஸில் என்னென்ன கிடக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றாகக் காப்பி செய்து, இரண்டு நாள் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். பழைய எண்கள் மட்டும் திரும்ப வராது, அழிந்த எண்ணை ஜிரா மறுபடி கொடுப்பதில்லை. இன்றும் எங்கள் கோடில் ஏதாவது ஒரு கமிட்டில் (கோடு மாற்றத்தைச் சேமித்த பதிவில்) ஒரு டிக்கெட் எண் இருக்கும், தேடிப் போனால் அப்படி ஒரு டிக்கெட்டே இருக்காது. புதிதாகச் சேருபவர்களிடம் அதைக் கேள்விப்பட்ட பேய்க்கதை மாதிரிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த பட்டன் அவன் கண்ணில் பட்டதே எங்கள் தவறு. ஜிராவின் இலவசத் திட்டம் 10 பேர் வரைக்கும்தான், அதில் யார் என்ன செய்யலாம் என்ற பெர்மிஷன்களை நம் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. ஒன்பது பேர்தானே, எல்லாம் நம்ம பசங்கதானே என்று அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, பணம் கட்டி மேலே போனோம். போனதும் நான் செய்த காரியம்தான் இதைவிட மோசம்.

எல்லாவற்றையும் பூட்டினேன். டெலீட்டை மட்டும் எடுத்திருந்தால் போதும், எரிச்சலில் இருந்தவளுக்கு அது தோன்றவில்லை. டிக்கெட் உருவாக்கலாம், கமென்ட் போடலாம், தன் டிக்கெட்டை நகர்த்தலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கையில். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பெரிய மேற்கோளும் வைத்திருந்தேன். கணினிப் பாதுகாப்பைப் பற்றி சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். ஒருவர் தன் வேலையை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த உரிமைகளோடு இயங்க வேண்டும் என்பது அதில் வரும் கொள்கைகளில் ஒன்று. நான் "மிகக் குறைந்த" என்பதைப் பிடித்துக்கொண்டேன். "வேலையை முடிக்கத் தேவையான" என்று முன்னால் இருப்பது கண்ணில் படவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது வாட்ஸ்அப். "அக்கா, பேக்லாகில் கார்டை மேலே இழுத்தால் பழையபடி கீழேயே போய் உட்காருது." இதற்கு நான் ஒரு மணி நேரம் தேடினேன். பேக்லாக் என்றால் காத்திருக்கும் வேலைகளின் வரிசை, கார்டு அதில் தெரியும் டிக்கெட். கார்டின் வரிசையை மாற்றுவதற்கு எடிட் பெர்மிஷன் மட்டும் போதாது, ஷெட்யூல் இஷ்யூஸ் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதுவும் வேண்டும். பெயரைப் பார்த்தால் ஏதோ தேதி குறிக்கிற சமாச்சாரம் மாதிரித் தோன்றும், அதனால்தான் எடுத்துவிட்டிருந்தேன். "அக்கா, புதுப் பொண்ணு பேரு அசைனி லிஸ்ட்லயே வரலை." அசைனி என்றால் டிக்கெட் யார் பொறுப்பில் என்பது. இங்கேயும் இரண்டு பெர்மிஷன். டிக்கெட்டை இன்னொருவருக்குத் தள்ளிவிடும் உரிமை ஒன்று, தள்ளிவிடப்படும் ஆளாக இருப்பதற்கான உரிமை இன்னொன்று. இரண்டாவது இல்லாதவரை லிஸ்டில் பெயர் வராது. வேலை வாங்கிக்கொள்வதற்கும் ஒரு உரிமை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இப்படி ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. நான் கோடு எழுதுவதே நின்றுபோய், பஸ் ஸ்டாண்டில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டோடு ஏற்காடு கிளம்பினோம். அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், போன். ஸ்பிரிண்ட் ஸ்டார்ட் ஆகவில்லை, பட்டன் மங்கலாக இருக்கிறது, எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜ் ஸ்பிரிண்ட்ஸ் பெர்மிஷனை அந்த டீம் லீடுக்கு நான்தான் கையோடு கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்தேனே கொடுத்தேனே என்று சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது. அடுத்த வளைவில் சிக்னல் வந்தது, பேசுவதற்குள் மறுபடி போனது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மடியில் லேப்டாப்பைத் திறந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. டிக்கெட்டுகளை வரிசையாகக் காட்டும் அந்த போர்டின் ஃபில்டர் ஒரு ப்ராஜெக்டை மட்டும் காட்டவில்லை, மொபைல் ஆப்புக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று இரண்டு ப்ராஜெக்டைச் சேர்த்துக் காட்டுகிறது. ஃபில்டரில் வரும் எல்லா ப்ராஜெக்டிலும் அந்த உரிமை இருந்தால்தான் ஸ்பிரிண்டைத் தொடங்க விடும். நான் ஒன்றில் மட்டும் கொடுத்திருந்தேன். அதைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால், திறந்திருந்த பின் ஜன்னல் வழியாகக் குரங்கு ஒன்று கொய்யாப் பையோடு போய்க்கொண்டிருந்தது. அதற்கு யார் பெர்மிஷன் கொடுத்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இல்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, வெள்ளி தெரியும். சிவதாபுரத்தில் முப்பது வருஷம் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் பாப்பா, ஆளாளுக்கு உங்கிட்ட வந்து ஊதுகுழல் குடுங்கன்னு நின்னா வேலை எப்ப நடக்கும்?" என்றார்.

அந்தப் பட்டறையில்தான் நான் வளர்ந்தேன், ஆனாலும் இதை அப்படி யோசித்ததே இல்லை. ஊதுகுழல், கத்திரி, கம்பி இழுக்கும் மெஷின் எதற்கும் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். காலையில் தராசில் நிறுத்துக் கொடுக்கிற வெள்ளி இத்தனை கிராம் என்று நோட்டில் ஏறும். சாயங்காலம் திரும்பி வரும் கொலுசு இத்தனை, மீதித் துண்டு இத்தனை, சேதாரம் இத்தனை. கணக்கு இடித்தால் அப்போதே பேச்சு. தப்பாகப் பற்றவைத்த கொலுசா, பரவாயில்லை, உருக்கினால் மறுபடி வெள்ளிதான். ஒன்றே ஒன்றுக்குத்தான் அங்கே கண்டிப்பு. தரையைப் பெருக்குகிற குப்பையை வெளியே கொட்டக் கூடாது. பார்த்தால் வெறும் மண்ணும் கரியும்தான், ஆனால் அதில் வெள்ளித் தூள் இருக்கிறது. அது மூலையில் இருக்கிற தகர டின்னுக்குப் போகும், நிறைந்ததும் அதை வாங்கிப் போய் வெள்ளி பிரித்தெடுக்கிறவர்கள் வருவார்கள். அந்தக் குப்பையை வேலைக்கு வந்த பையனும் கொட்ட முடியாது, அப்பாவும் கொட்ட மாட்டார். யாரையும் சந்தேகப்பட்டு வைத்த விதி இல்லை அது. கொட்டினால் திரும்ப அள்ள முடியாது, அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் பெர்மிஷன் பட்டியலை முதலிலிருந்து திறந்தேன். இவரை நம்பலாமா, அவரை நம்பலாமா என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: இதைத் தப்பாகச் செய்தால் திரும்ப எடுக்க முடியுமா? டிக்கெட்டை போர்டில் தப்பான பத்திக்கு நகர்த்தினால் திரும்ப நகர்த்தலாம். டிஸ்கிரிப்ஷனை மாற்றினால் ஹிஸ்டரியில் யார், எப்போது, முன்னால் என்ன இருந்தது எல்லாம் இருக்கிறது, அதுதான் எங்கள் எடை நோட்டு. வரிசை மாற்றுவது, ஆள் மாற்றுவது, எல்லாம் அப்படியே. எல்லாவற்றையும் டீம் முழுக்கத் திறந்துவிட்டேன். டெலீட் யாருக்கும் இல்லை. மொத்தமாக மாற்றும் பல்க் சேஞ்ச் சைட் முழுமைக்குமான பெர்மிஷன், அது இரண்டு பேருக்கு மட்டும். மற்றவர் எழுதிய கமென்டைத் திருத்தும் உரிமையும் யாருக்கும் கிடையாது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றி எழுத நல்ல காரணம் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

இதில் நான் தாமதமாகப் புரிந்துகொண்ட இன்னொன்று, குரூப்புக்கும் ரோலுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டிலும் பெர்மிஷனைக் கட்டலாம், ஆரம்பத்தில் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். குரூப் சைட் முழுமைக்கும் ஒன்று, அதில் ஆள் சேர்க்க அட்மினைத்தான் கேட்க வேண்டும். ரோல் அப்படியில்லை, மாப்பிள்ளை என்கிற மாதிரி: சொல் ஒன்றுதான், வீட்டுக்கு வீடு ஆள் வேறு. "டெவலப்பர்" ரோலுக்கு இன்னின்ன உரிமை என்று ஸ்கீம் என்ற பெர்மிஷன் பட்டியலில் ஒரு தடவை எழுதிவிட்டால், இந்த ப்ராஜெக்டில் அது யார், அந்த ப்ராஜெக்டில் யார் என்பதை அந்தந்த ப்ராஜெக்ட் அட்மினே மாற்றிக்கொள்ளலாம். நான் எல்லாவற்றையும் குரூப்பில் கட்டியிருந்தேன், அதனால்தான் ஊர் முழுக்க என் வாசலில் நின்றது. ரோலுக்கு மாற்றிய வாரமே வாட்ஸ்அப் அடங்கியது. ஒரு எச்சரிக்கை: ஸ்கீம் ஒன்றைப் பல ப்ராஜெக்ட் பகிர்ந்துகொள்ளும். ஒரு ப்ராஜெக்டுக்காக அதில் கை வைத்தால் மற்றதெல்லாம் சேர்ந்தே மாறும், நான் அதையும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன்.

ஸ்பிரிண்டைத் தொடங்கும் உரிமை, ஸ்க்ரம் என்ற வேலை முறையில் டீமுக்கு வழிகாட்டும் ஸ்க்ரம் மாஸ்டருக்கு மட்டும்தானே இருக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்த முறையின் கையேடான 2020 ஸ்க்ரம் கைடைப் படித்தால், ஸ்பிரிண்டை ரத்து செய்யும் அதிகாரம், எந்த வேலை முக்கியம் என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும் என்று இருக்கிறது. பட்டனை யார் அழுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் இல்லை. நான் டீமுக்கு மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன், ஒருவராவது சிக்னல் இருக்கிற இடத்தில் இருப்பார்.

கிளையண்டுக்குக் கொடுப்பதுதான் இன்னும் தலைவலி. திருப்பூர்ப் பக்கம் ஒருவர், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார், நியாயம்தானே என்று ப்ராஜெக்டைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்தோம். பார்க்கும் உரிமை என்றால் கமென்டையும் பார்ப்பார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆள் ஒருவன் ஒரு டிக்கெட்டில், "இவருக்கு என்ன வேணும்னு இவருக்கே தெரியலை" என்று எழுதி வைத்திருந்தான். மறுநாள் அதற்குக் கீழே அவரே, "உண்மைதான் தம்பி, ஒரு நாள் நேரில் பேசுவோமா" என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷர், பிழைத்தோம். கமென்டைக் குறிப்பிட்ட ரோலுக்கு மட்டும் தெரிகிற மாதிரிப் போடலாம், டிக்கெட்டுக்கே செக்யூரிட்டி லெவல் வைத்து மறைக்கலாம், ஆனால் இரண்டிலும் அவசரத்தில் யாராவது ஒருவர் மறப்பார். நான் கிளையண்டுக்குத் தனியாக ஒரு சின்ன ப்ராஜெக்ட் திறந்து, அவர் பார்க்க வேண்டியதை மட்டும் அதில் வைக்கிறேன். இரட்டை வேலைதான், ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

வேலையை விட்டுப் போனவர்களின் அக்கவுண்டை மூடுவது பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, கடைசி நாளன்றே மூடுங்கள். பெங்களூர் போன ஒருவருக்கு நாலு மாதம் நாங்கள் லைசென்ஸ் காசு கட்டியிருக்கிறோம்.

இப்போது பதினான்கு பேர் இருக்கிறோம். அன்றைக்கு டெலீட் கொடுத்த பையன்தான் சர்வர் ப்ராஜெக்டுக்கு அட்மின். யாராவது எனக்கு இது வரவில்லை என்றால், பெர்மிஷன் ஹெல்ப்பரில் அவர் பெயர், டிக்கெட் எண், எந்த பெர்மிஷன் மூன்றையும் நான் போட்டுப் பார்க்கிறேன், எங்கே இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது, மீதியை அவன் பார்த்துக்கொள்கிறான். போன வாரம் தவறுதலாக இரண்டு தடவை உருவான டிக்கெட் ஒன்றை அழிக்கலாம் என்று அந்த மூன்று புள்ளியைத் தட்டினேன். டெலீட் இல்லை. மேலே கீழே தேடிவிட்டு, ஜிராவில் ஏதோ கோளாறு என்று அவனைக் கூப்பிட்டேன்.

"நீங்கதானே அக்கா எல்லாருக்கும் எடுத்தீங்க. 'வேண்டாம்'னு போட்டு க்ளோஸ் பண்ணுங்க, போர்டுலேர்ந்து போயிடும்."

சைட் அட்மின் நான்தான், ஸ்கீமைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் எனக்கு நானே கொடுத்துக்கொள்ளலாம். அவன் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான், க்ளோஸ் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போனோம்.